செப்டம்பரில் தனி ஆளா ஸ்பிதி: எந்தப் பக்கம் ஏறுறது, எதை ஏத்துறது?

#1 நொய்டா_முருகு

எல்லாருக்கும் வணக்கம். செப்டம்பர் முதல் வாரம் டெல்லியிலிருந்து ஸ்பிதி (ஹிமாச்சலில் இருக்கிற உயரமான மலைப் பள்ளத்தாக்கு). தனி ஆள், ஹிமாலயன் 411 பைக், கையில் 10 நாள். முடிஞ்ச வரைக்கும் டெண்ட்.

ரூட்: டெல்லி – மணாலி – சந்திரதால் – காஜா – நாகோ – ஷிம்லா – டெல்லி. ரெண்டாவது நாள் ராத்திரி சந்திரதால் ஏரிப் பக்கம் டெண்ட் போடுவதா திட்டம்.

இப்போதைக்கு லிஸ்ட்: ரெண்டு ஆள் டெண்ட், ஸ்லீப்பிங் பேக், நீளக் கேன் பியூட்டேன் அடுப்பு, அரிசியும் பருப்பும் 2 கிலோ, 5 லிட்டர் பெட்ரோல் கேன் ரெண்டு, பஞ்சர் கிட், கட்டுவதற்கு கொக்கி வச்ச எலாஸ்டிக் கயிறு. எதை விடலாம், எது குறையுதுன்னு சொல்லுங்க.

#2 பனிக்காடு_பாலு

தம்பி, லிஸ்ட்டுக்கு அப்புறம் வரேன். முதல்ல ரூட்டைத் திருப்பிப் போடுங்க. மணாலி 2,050 மீட்டர். சந்திரதால் சுமார் 4,250. ஒரே பகலில் 2,200 மீட்டர் ஏறி அங்கேயே படுக்கிறது, நாலு பேரோட போனாலும் செய்யக் கூடாத காரியம். தனியா வேண்டவே வேண்டாம்.

ஷிம்லா பக்கமிருந்து கின்னௌர் வழியா ஏறுங்க, குன்சும் கணவாய் வழியா மணாலிக்கு இறங்குங்க. முதல் ராத்திரி நார்கண்டா, 2,700 மீட்டர். டெல்லியிலிருந்து சுமார் 410 கி.மீ., விடியக்காலை 4 மணிக்குக் கிளம்பினா அம்பாலா தாண்டும்போது வெயில் ஏறியிருக்காது. ரெண்டாவது கல்பா, 2,960. மூணாவது நாள் நாகோவில் நிக்காம தாபோ போயிடுங்க. நாகோ 3,660, தாபோ 3,280. தாண்டிப் போற உயரம் பெரிசில்லை, படுக்கிற உயரம்தான் கணக்கு. அடுத்து காஜாவில் ரெண்டு ராத்திரி, 3,650. நடுவில் உள்ள பகலில் வெறும் வண்டியோட லாங்சா, கோமிக் ஏறி இறங்கலாம். அப்புறம் லோசர் 4,080, அடுத்த ராத்திரிதான் சந்திரதால். அதுக்கு மறுநாள் இறக்கம். 10 நாளில் ஒரு நாள் மிச்சமும் இருக்கு. அந்த ஒரு நாளை எதிலேயும் செலவழிச்சிடாதீங்க. நாகோ பக்கத்து மல்லிங் நாலாவில் (நாலான்னா மலை ஓடை) மண் சரிஞ்சா அது ஒண்ணுதான் கைகொடுக்கும்.

மாசம் சரியா பிடிச்சிருக்கீங்க. ஸ்பிதி மழை மறைவுப் பிரதேசம், ஜூலையிலும் போகலாம்னு சொல்வாங்க. ஸ்பிதிக்குள்ள மழை இல்லைதான், ஆனா அங்கே போய்ச் சேர்கிற கின்னௌர் பாதையில் ஜூலை, ஆகஸ்டில் மலை இறங்கிக்கிட்டே இருக்கும்.

பெட்ரோல்: ரெக்காங் பியோவுக்குக் கீழே போவாரியில் பங்க். அடுத்து காஜாதான்னு வச்சுக்கோங்க, கிட்டத்தட்ட 200 கி.மீ. காஜாவிலிருந்து சந்திரதால் போய்த் திரும்பி மணாலி இறங்க 230. சந்திரதாலுக்குக் கீழே பாதல் பக்கம் ஒண்ணு, ரெண்டாவது கியரிலேயே ஊர்ந்து போறதால மைலேஜ் 22க்கு வந்தாலும் பத்தரை லிட்டர்தான். உங்க டேங்க் 15 லிட்டர். அப்போ 10 லிட்டர் கேனில் எதுக்கு? அது ஏழரை கிலோ எடை, அதுவும் பின்சக்கரத்துக்கு மேலே. 2 லிட்டர் போதும். காஜா சேர்ந்த அன்னைக்கே டேங்கை ரொப்பிடுங்க, கிளம்புற காலையில் பார்த்துக்கலாம்னு விடாதீங்க. ரோடு ரெண்டு நாள் அடைபட்டா பங்கும் வறண்டுடும்.

#3 மயூர்விஹார்_மருத்துவர்

பாலு சார் சொன்ன உயரங்களைக் கூட்டிப் பார்த்தேன். கல்பாவிலிருந்து தாபோ +320, காஜா +370, லோசர் +430, சந்திரதால் +170. 3,000 மீட்டருக்கு மேல் ஓர் இரவிலிருந்து அடுத்த இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் ஏறக் கூடாது என்பது பொது விதி. இந்தத் திட்டம் அதற்குள் நிற்கிறது.

தனியாகப் போகிறவருக்கு ஓர் ஆபத்து கூடுதல். மூளையில் நீர் கோத்தால் முதலில் கெடுவது நிதானம். கூட வருபவர் "என்னப்பா தள்ளாடுறே" என்று கேட்பார், தனியாக இருக்கும்போது கேட்க ஆள் இல்லை. எனவே காஜாவுக்கு மேல் ஒவ்வொரு மாலையும், காலையும், ஒரு காலின் குதிகாலை மற்றக் காலின் கட்டைவிரலோடு ஒட்டி ஒட்டி வைத்து நேர்க்கோட்டில் பத்து அடி நடந்து பாருங்கள். பூட்ஸைக் கழற்றிவிட்டு, சமதரையில். தள்ளாடினால் தலைவலி இல்லாவிட்டாலும் இறங்க வேண்டும். அந்த நிலையில் நீங்கள் வண்டி ஓட்டவும் கூடாது, பக்கத்து முகாமில் ஜீப் கேளுங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலும், படுத்தால் இருமல் கூடினாலும் அதே முடிவுதான்.

தலைவலியும் குமட்டலும் மட்டும் என்றால் அங்கேயே நில்லுங்கள், மேலே ஏறாதீர்கள். 24 மணி நேரத்தில் தெளியவில்லை என்றால் இறங்குங்கள்.

இன்னொன்று. சந்திரதாலில் உடம்பு சரியில்லாமல் போனால் காஜாவுக்குத் திரும்பலாம் என்று தோன்றும். நடுவில் குன்சும் கணவாய், 4,551 மீட்டர். இறங்குவதற்காக ஏறுகிற கதையாகிவிடும். அங்கிருந்து இறக்கம் என்பது பாதல், சத்ரு பக்கம்தான்.

#4 நொய்டா_முருகு

ரொம்ப நன்றி பாலு அண்ணா, டாக்டர். ரூட்டை மாத்திட்டேன். உயரம் ஒத்துக்காம போகாம இருக்கச் சாப்பிடுற டயமாக்ஸ் மாத்திரையை இப்பவே ஆரம்பிக்கணுமா? அப்புறம், மேலே போகப் போக டயர் காத்து கூடும், 5 பி.எஸ்.ஐ. இறக்கிடணும்னு சொல்றாங்களே, சரியா?

#5 மயூர்விஹார்_மருத்துவர்

இந்த வேகத்தில் ஏறும் ஆரோக்கியமான ஒருவருக்குப் பெரும்பாலும் தேவைப்படாது. முன்பு உயரத்தில் அவதிப்பட்டவர் என்றால் 125 மில்லிகிராம், காலை ஒன்று மாலை ஒன்று, ஏறுவதற்கு முந்தின நாள் தொடங்குவது வழக்கம். சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்கள் மருத்துவரைப் பார்க்காமல் தொடவே கூடாது. விரல் நுனி மரத்தாற்போல் குறுகுறுக்கும், சிறுநீர் அடிக்கடி வரும். க்ளவுஸுக்குள் விரல் மரத்தால் குளிரா, மருந்தா என்று குழப்பம் வரும். ஆகவே ஊரிலேயே இரண்டு நாள் சாப்பிட்டுப் பழகிக்கொண்டு போவது நல்லது.

#6 ஜண்டேவாலான்_செந்தில்

காத்து விஷயம் உண்மைதான் முருகு. வெளிக்காத்து அழுத்தம் குறையும்போது டயருக்குள்ள இருக்கிறது கூடுதலாத்தான் காட்டும். டெல்லியில் 14.3 பி.எஸ்.ஐ., சந்திரதால் உயரத்தில் சுமார் 8.8. வித்தியாசம் ஐந்தரை. அதனால 5 இறக்கலாம்.

#7 சக்கரவர்த்தினி

செந்தில், அழுத்தக் கணக்கு சரி, குளிரை விட்டுட்டீங்க. டெல்லியில் காலை 27 டிகிரியில் முன்டயரில் 25 ஏத்துறோம். வெளிக்காத்தையும் சேர்த்தா உள்ளே 39.3. சந்திரதாலில் விடியக்காலை 0 டிகிரி. குளிரில் அந்த 39.3 சுருங்கி 35.8 ஆயிடும். அதில் 8.8 போனா மீட்டரில் 27 காட்டும். ஏறினது ரெண்டே ரெண்டு. இதை நம்பாம 5 இறக்கினா காலையில் 22. பாதல் ரோட்டில் கால்பந்து சைஸ் கல்லில் ஏறும்போது ட்யூப் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் மாட்டி, பாம்பு கடிச்ச மாதிரி பக்கத்துல பக்கத்துல ரெண்டு ஓட்டை விழும்.

மத்தியானம் டயர் சூடேறினதும் பார்த்தா 32 காட்டும். அதைப் பார்த்துப் பயந்து இறக்குறவங்கதான் அதிகம். காலையில், வண்டி நகருறதுக்கு முன்னால, சொந்த மீட்டரில் மட்டும் பாருங்க. கையேட்டில் போட்ட அளவுக்கு ஒண்ணு ரெண்டு கூட இருந்தா அப்படியே விட்டுடலாம்.

இனி பஞ்சர். முருகு, உங்க வண்டி ஸ்போக் வீல், ட்யூப் டயர். கிட்ல குச்சியும் பசையும் மட்டும் இருந்தா அது ட்யூப்லெஸ் கிட், உங்களுக்கு உதவாது. வேண்டியது: டயர் லீவர் மூணு, 21 இன்ச் முன்சக்கர ட்யூப் ஒண்ணு, ஒட்டு பத்து, பிரிக்காத ரப்பர் சொல்யூஷன், உப்புத்தாள், வால்வு ஊசி கழட்டுற சாவி, சின்னக் குப்பியில் 50 மி.லி. பாத்திரம் கழுவுற சோப்பு, கைப்பம்பு. பாட்டரியில் ஓடுற பம்பு வச்சிருந்தாலும் கைப்பம்பு கூட இருக்கட்டும். பின்டயருக்குத் தனி ட்யூப் தூக்க வேணாம். 21 இன்ச் ட்யூபைக் கொஞ்சம் மடிச்சு 17 இன்ச் பின்டயரில் போட்டு அடுத்த ஊர் வரைக்கும் போயிடலாம். 17 இன்ச் ட்யூப் முன்னால ஏறாது.

தனி ஆளா கழட்டும்போது சறுக்குற இடங்களைச் சொல்றேன்.

சென்டர் ஸ்டாண்டு மணலில் புதையும். ரெண்டு காலுக்கும் அடியில் தட்டைக் கல் வச்சுட்டு அப்புறம் ஏத்துங்க. சக்கரத்தைக் கழட்டினதும் வால்வு ஊசியை எடுத்து முழுக்கக் காத்தை விட்டுடணும். டயர் ஓரம் ரிம்மை விட்டு வரலைன்னா ரிம் ஓரமா குதிகாலால மிதிச்சு மிதிச்சு சுத்தி வாங்க, சோப்புத் தண்ணி விட்டுக்கிட்டே.

லீவரை வால்வுக்கு எதிர்ப்பக்கத்தில் போட்டா வராது. கழட்டும்போது வால்வு பக்கத்தில் ஆரம்பிக்கணும், மாட்டும்போது வால்வு பக்கத்தில் முடிக்கணும். காரணம் எளிசு: ரிம்முக்கு நடுவில் ஒரு பள்ளம் இருக்கு. எதிர்ப்பக்கத்து டயர் ஓரத்தை முழங்காலால அந்தப் பள்ளத்துக்குள்ள அழுத்திட்டா இந்தப் பக்கம் தளர்ச்சி கிடைக்கும். லீவரில் ரொம்ப பலம் போட வேண்டி வந்தா, எதிர்ப்பக்கம் பள்ளத்தை விட்டு மேலே ஏறிடுச்சுன்னு அர்த்தம். நிறுத்திட்டு மறுபடி மிதிங்க. பலத்துல நெம்பினா புது ட்யூபையும் லீவரே கிள்ளிடும்.

ட்யூபை எடுத்ததும் டயரோட உள்பக்கம் முழுக்க விரலால தடவுங்க, மெதுவா. ஆணியோ கம்பியோ இன்னும் குத்திக்கிட்டு நிக்கும். அதை எடுக்காம புது ட்யூப் போட்டா பத்தே கிலோமீட்டரில் மறுபடி இதே வேலை.

ஒட்டுப் போடும்போது சொல்யூஷன் தடவின உடனே ஒட்டாதீங்க. விரலில் ஒட்டாத அளவுக்குக் காயணும். டெல்லியில் 5 நிமிஷம், குளிரில் பத்து ஆகும். ஈரத்தோட ஒட்டின ஒட்டு சூடேறினதும் கழண்டு வரும். ட்யூபைத் திரும்ப வைக்கும்போது உருண்டை வடிவம் வர்ற அளவுக்கு லேசா காத்து ஊதி வைங்க, சுருக்கு விழாது.

கிளம்புறதுக்கு முந்தின ஞாயித்துக்கிழமை வீட்டு வாசலில், எடுத்துப் போற அதே டூலை மட்டும் வச்சு, பின்சக்கரத்தை ஒருதடவை கழட்டி மாட்டிப் பாருங்க. சர்வீஸ் சென்டரில் காத்துத் துப்பாக்கியால இறுக்கின ஆக்ஸில் நட்டு கை ஸ்பானருக்கு அசையாது. அதை லோசரில் தெரிஞ்சுக்கிறதைவிட நொய்டாவில் தெரிஞ்சுக்கிறது நல்லது.

#8 ஜண்டேவாலான்_செந்தில்

சரிதான் அக்கா, குளிரைக் கணக்கில் எடுக்கலை. குறிச்சுக்கிட்டேன்.

முருகு, கொக்கி வச்ச எலாஸ்டிக் கயிறு வேணாம். குலுக்கலில் கொக்கி கழண்டு பின்சக்கரத்தில் சுத்திக்கிட்டா சக்கரம் அங்கேயே பூட்டிக்கும். கரோல் பாக் நாயிவாலா கலியில் பக்கிள் வச்ச பட்டை கிடைக்கும், 2 மீட்டர் நீளத்தில் நாலு வாங்குங்க. பட்டையோட மிச்ச நுனியைச் சுருட்டி டேப் போட்டுடுங்க. கனமான சாமான் எல்லாம் டேங்குக்கு ரெண்டு பக்கமும் சேடில் பேக் அடியிலும். பின்கேரியரில் டெண்டும் ஸ்லீப்பிங் பேக்கும் மட்டும்.

க்ளட்ச் கேபிளும் ஒண்ணு ஸ்பேர். புதுக் கேபிளைப் பழைய கேபிளோடவே ஒட்டி ஓட்டி, ரெண்டு நுனியையும் டேப் பண்ணி வச்சுட்டா அறுந்த இடத்தில் பத்து நிமிஷ வேலை. க்ளட்ச், பிரேக் லீவர் ரெண்டையும் ஹேண்டிலில் கொஞ்சம் தளர்வா இறுக்குங்க. வண்டி சாய்ஞ்சா லீவர் திரும்பிக்கும், உடையாது.

#9 பனிக்காடு_பாலு

வண்டி சாய்றதைப் பத்தி: 411 வெறும் வண்டியே 199 கிலோ. சாமானோட அப்படியே தூக்கப் பார்க்காதீங்க, 4,000 மீட்டரில் ஒரு தடவை தம் கட்டித் தூக்கினா அரை மணி நேரம் உட்கார வேண்டி வரும். கில் ஸ்விட்ச்சை அழுத்தி இன்ஜினை நிறுத்துங்க, பைகளைக் கழட்டுங்க, முதல் கியரில் போடுங்க. வலது பக்கம் விழுந்திருந்தா முதல்ல சைடு ஸ்டாண்டை வெளியே எடுத்து வச்சுக்கோங்க, இல்லைன்னா தூக்கி நிறுத்தி அந்தப் பக்கம் சாய்ச்சுடுவோம். சீட்டில் முதுகை ஒட்டி, ஒரு கை ஹேண்டில், ஒரு கை கேரியர் கம்பி, காலால பின்னோக்கித் தள்ளி எழுந்திருங்க. இடுப்பைக் குனிஞ்சு தூக்கக் கூடாது.

நாலா தாண்டுறது: பாதலுக்கும் க்ராம்ஃபூவுக்கும் நடுவில் பனி உருகி வர்ற தண்ணி ரோட்டு மேலேயே ஓடும். வெயில் ஏற ஏறத் தண்ணி ஏறும். காலை 10 மணிக்குள்ள பெரிய நாலாக்களைத் தாண்டிடணும், அதுக்குச் சந்திரதாலில் 6 மணிக்கே டெண்டைப் பிரிக்கணும். தனி ஆள்னா முதல்ல நடந்து பாருங்க. முழங்காலுக்கு மேலே தண்ணி, இல்லைன்னா கல் உருளுற சத்தம் கேட்குதுன்னா காத்திருங்க, ஒரு ஜீப்போ லாரியோ வரட்டும். இறங்கிட்டா முதல் கியர், ஒரே சீரா ஆக்ஸிலேட்டர், நடுவில் க்ளட்ச் பிடிக்காதீங்க, பார்வை எதிர்க்கரையில். நடுவில் ஆஃப் ஆச்சுன்னா செல்ஃபை அழுத்தாதீங்க. தள்ளிக் கரைக்குக் கொண்டு வந்து ஏர் ஃபில்டர் ஈரமான்னு பாருங்க. ஈரம்னா ஸ்பார்க் ப்ளக்கைக் கழட்டிட்டுச் செல்ஃப் அடிச்சு உள்ளே போன தண்ணியை வெளியே தள்ளின பிறகுதான் ஸ்டார்ட். தண்ணி அமுங்காது. அவசரப்பட்டா கனெக்டிங் ராடு வளையும்.

#10 அவல்_ஆர்கேபுரம்

அடுப்புக்கு வரேன். அரிசி பருப்பு தூக்கிட்டுப் போகாதீங்க. சந்திரதால் உயரத்தில் தண்ணி 86 டிகிரியிலேயே கொதிச்சுடும். பருப்பு எவ்வளவு நேரம் வச்சாலும் கடுகடுன்னுதான் இருக்கும், கேஸ்தான் தீரும். குக்கர் இருந்தா மட்டும் அரிசி.

கெட்டி அவல்தான் தோது. வீட்டிலேயே கடுகு, கடலைப்பருப்பு, வரமிளகாய், கறிவேப்பிலை, பெருங்காயம், உப்பு தாளிச்சு, அவலையும் அதிலேயே போட்டு மொறுமொறுப்பா வறுத்து 100 கிராம் பொட்டலமா கட்டிடுங்க. வேளைக்கு ஒரு பொட்டலம், அவல் நனையிற அளவுக்குக் கொதிச்ச தண்ணி, மூடி வச்சு 7 நிமிஷம். ரவையையும் இதே மாதிரி வறுத்து எடுக்கலாம், 100 கிராமுக்கு 300 மி.லி. தண்ணி, அதை மட்டும் அடுப்பில் கிளறணும். ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் எல்லாம் கிடைக்கும்.

நீளக் கேன் பியூட்டேன் அடுப்பை மாத்துங்க. பியூட்டேன் கொதிநிலை கடல் மட்டத்தில் மைனஸ் அரை டிகிரி. மேலே அழுத்தம் குறைவுங்கிறதால இன்னும் கொஞ்சம் குளிர் தாங்கும், ஆனா எரிய எரியக் கேன் தானே குளிர்ந்து தீ சுண்டிப் போயிடும். ஐசோபியூட்டேனும் புரொப்பேனும் கலந்த, திருகு வாய் கேன் வாங்குங்க. ராத்திரி கேனை ஸ்லீப்பிங் பேக்குக்குள்ள கால்மாட்டில் வச்சுக்கோங்க. காத்துக்கும் குளிருக்கும் சேர்த்து லிட்டர் தண்ணிக்கு 20 கிராம்னு கணக்கு வைங்க. ஒரு நாளைக்கு 2 லிட்டர், 7 நாள்: 280 கிராம். 230 கிராம் கேன் ஒண்ணு போதாது, ரெண்டு வேணும்.

மழை பெய்தாலும், எவ்வளவு குளிர்ந்தாலும் டெண்டுக்குள்ள அடுப்பைப் பத்த வைக்காதீங்க. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை இல்லை. தூக்கம் வர்ற மாதிரி இருக்கும், அவ்வளவுதான். தனியா இருக்கிறவங்களை எழுப்ப யாரும் இல்லை. முகாம் தீயும் வேண்டாம். ஸ்பிதியில் விறகு என்பது அந்த ஊர்க்காரங்க பனிக்காலத்துக்குச் சேர்த்து வைக்கிறது.

#11 நொய்டா_முருகு

அவல் பொட்டலம் அருமையான யோசனை அக்கா. ஸ்லீப்பிங் பேக்கில் "மைனஸ் 10"ன்னு போட்டிருக்கு, போதுமா? டெண்ட் எங்கெல்லாம் போடலாம்?

#12 பனிக்காடு_பாலு

அந்த மைனஸ் 10 எந்த மைனஸ் 10னு லேபிளில் பாருங்க. மூணு அளவு இருக்கும்: வசதியா தூங்குற வெப்பநிலை, தாங்குற எல்லை, உயிர் மட்டும் மிஞ்சுற எல்லை. கடைசியைத்தான் பெரிய எழுத்தில் போடுவாங்க. வசதி அளவு மைனஸ் 5 இருந்தா செப்டம்பர் சந்திரதாலுக்குச் சரி. பையைவிட அடியில் விரிக்கிறது முக்கியம். உடம்பு அழுத்தின பக்கம் பைக்குள்ள இருக்கிற பஞ்சு நசுங்கிடும், சூடு தரையில்தான் இறங்கும். மடிக்கிற ஃபோம் மேட் ஒண்ணு, மேலே காத்து மேட் ஒண்ணு. காத்து மேட் ஓட்டையானாலும் ஃபோம் காப்பாத்தும்.

இடம்: சந்திரதால் ஏரிக்கரையில் டெண்டுக்குத் தடை. 2005இலிருந்து அது ராம்சர் ஈரநிலம், அதாவது சர்வதேச ஒப்பந்தப் பட்டியலில் இருக்கிற ஈரநிலம். ஏரிக்கு ரெண்டு மூணு கிலோமீட்டர் முன்னாலேயே முகாம் இடம் இருக்கு, அங்கே கேட்டுப் போடுங்க. பக்கத்தில் ஆள் இருக்கிறதும் நல்லதுதான். தாபோ, லோசரில் வீட்டுக்காரங்ககிட்ட கேட்டா வயல் ஓரத்தில் இடம் தருவாங்க, பட்டாணிச் செடியை மிதிக்காம இருந்தா போதும். பூவிலிருந்து சும்தோ வரைக்கும் எல்லைப் பகுதி, ராணுவ இடங்கள். அங்கே ரோட்டோரம் டெண்ட் போடாதீங்க.

கின்னௌரில் சட்லெஜ் கரை மணல் திட்டு எவ்வளவு அழகா இருந்தாலும் வேண்டாம். மேலே அணைகள் இருக்கு, தண்ணி திறந்துவிட்டா நிமிஷத்தில் ஏறும். 2014 ஜூன் 8ஆம் தேதி பியாஸ் ஆத்தில் லார்ஜி அணையிலிருந்து வந்த தண்ணியில் 24 பொறியியல் மாணவர்கள் போனாங்க. அவங்க நின்னதும் காய்ஞ்ச பாறை மேலேதான். அதே மாதிரி காய்ஞ்ச நாலா படுகையும், புதுசா உடைஞ்ச கூர்க்கல் சிதறிக் கிடக்கிற சரிவுக்கு அடியும் வேண்டாம். கல்லில் பாசி படிஞ்சிருந்தா அது ரொம்ப நாளா அசையாத கல்.

ஸ்பிதியில் மத்தியானத்துக்கு மேல காத்து பிடிக்கும். சரளைத் தரையில் முளை நிக்காது. முளையில் கட்டுறதுக்குப் பதிலா, கயிறை ஒரு சின்னக் கல்லில் சுத்தி, அதுக்கு முன்னால தலை அளவு கல்லை முட்டுக் கொடுங்க. டெண்டோட ஒடுங்கின பக்கம் காத்தைப் பார்க்கணும். ராத்திரி மேல் ஜன்னலைக் கொஞ்சம் திறந்தே வைங்க, இல்லைன்னா மூச்சு ஈரம் உள்ளே உறைஞ்சு காலையில் முகத்தில் கொட்டும்.

#13 ஜண்டேவாலான்_செந்தில்

ஒரு கேள்வி எல்லாருக்கும். வெளிநாட்டு நண்பர் ஒருத்தர் சாட்டிலைட் மெசஞ்சர் தரேன்னா எடுத்துட்டுப் போகலாமா? லோசர் தாண்டினா சிக்னல் இல்லையே.

#14 சக்கரவர்த்தினி

வேண்டாம். தொலைத்தொடர்புத் துறை அனுமதி இல்லாம சாட்டிலைட் போனோ மெசஞ்சரோ வச்சிருக்கிறது இந்தியாவில் குற்றம், அதுவும் எல்லை மாவட்டத்தில்.

அதுக்குப் பதிலா ஒரு தாள். முருகு, தேதி, எங்கிருந்து எங்கே, எந்த ஊரிலிருந்து போன் வரும்னு மூணு கட்டம் போட்டு வீட்டில் ஒட்டுங்க. வண்டி நம்பர், டெண்ட் நிறம், ரத்த வகை அதிலேயே இருக்கட்டும். லோசரிலிருந்து கிளம்பினா, மணாலிக்கு இறங்குற வழியில் இருக்கிற சிஸ்ஸு வரைக்கும் சிக்னலை நம்பக் கூடாது. அதனால லோசர் சேர்ந்த சாயங்காலமே போன் போட்டு, "நாளை மறுநாள் சாயங்காலம் 6 மணிக்குள்ள சிஸ்ஸுவிலிருந்து பேசுவேன். மறுநாள் காலை 8 வரைக்கும் பேசலைன்னா 112க்கும் காஜா, கேலாங் போலீசுக்கும் சொல்லுங்க"ன்னு நேரம் சொல்லிட்டுக் கிளம்புங்க. நேரம் சொல்லாம "சிக்னல் இருக்காது, பயப்படாதீங்க"ன்னு மட்டும் சொன்னா, வீட்டில் எப்போ தேட ஆரம்பிக்கிறதுன்னே தெரியாது. ரெண்டு போன் நம்பரையும் இன்னைக்கே எடுத்து அந்தத் தாளில் எழுதிடுங்க. செக்போஸ்டில் ரெஜிஸ்டர் கேட்டா பேரை முழுசா எழுதுங்க.

#15 நொய்டா_முருகு

தாளைப் போட்டுட்டேன், லோசர் – சிஸ்ஸு வரியைச் சிவப்பில். ஞாயித்துக்கிழமை காலை பின்சக்கரத்தைக் கழட்டிப் பார்க்கிறேன். சக்கரவர்த்தினி அக்கா, ஆக்ஸில் நட்டு அசையலைன்னா என்ன பண்றது?

#16 சக்கரவர்த்தினி

ஸ்பானரில் ரெண்டடி இரும்புக் குழாயைச் சொருகி நெம்புங்க, வந்துடும். வந்ததும் இழையைத் துடைச்சு, கையேட்டில் இருக்கிற அளவுக்கு டார்க் ரென்ச்சில் (இறுக்கத்தை அளக்கிற ஸ்பானர்) திரும்ப இறுக்க மெக்கானிக்கிட்ட சொல்லுங்க, பக்கத்துல நின்னு பாருங்க. அப்புறம் ஆக்ஸில் மேலேயும் நட்டு மேலேயும் சேர்த்து பெயிண்டில் ஒரு கோடு இழுங்க. தினமும் காலையில் காத்து பார்க்கும்போது அந்தக் கோடு விலகியிருக்கான்னு ஒரு பார்வை போதும்.